பாலிஷ் போட்ட கான்ஸ்டெலேஷனா, போடாததா?

ஒமேகா கான்ஸ்டெலேஷன் 168.005 என்ற பழைய வாட்சைத் தேடுகிறவர் கண்ணில் ஒரே நாளில் இரண்டு உருப்படி படும். ஒன்றில் முகம் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவு பளபளப்பு. இன்னொன்று மங்கிப்போய், மேலெல்லாம் கீறல். ஆனால் ‘அன்பாலிஷ்டு’, அதாவது பாலிஷே படாதது, என்ற ஒற்றைச் சொல்லை முன்னால் வைத்து, விலை மட்டும் கணிசமாக அதிகம். கேஸ், அதாவது வாட்சின் வெளிக்கூடு, ஸ்டீல் என்றால் மங்கலானதற்கே எங்கள் ஓட்டு. அந்தச் சொல்லுக்காக அல்ல, கேஸில் மிச்சமிருக்கும் உலோகத்துக்காக.

கான்ஸ்டெலேஷன் வரிசை 1952-இல் தொடங்கியது. 168.005 அதில் 1960-களின் மாடல். தேதி உண்டு, தானாகச் சாவி ஏறும் 561 மெஷின், 24 கல், மணிக்கு 19,800 அதிர்வு. தேதி இல்லாத உடன்பிறப்பு 167.005. அதில் 551 மெஷின். கவிழ்த்த தட்டுப் போல நடு தட்டையாகவும் ஓரம் பன்னிரண்டு முகமாகச் சரிந்தும் இருப்பதால் டயலுக்குப் ‘பை-பேன்’ என்று பெயர். வார் மாட்டும் நான்கு லக்குகளும் நாயின் பின்னங்கால் போல நடுவில் முறிந்து மடங்கும். சேகரிப்பாளர்கள் ‘டாக்லெக்’ என்பார்கள். கேஸ் சுமார் 34-35 மி.மீ. தான். இவ்வளவு சின்ன கேஸுக்கு அழகே அந்த மடிப்பில், ஒரு முகமும் இன்னொரு முகமும் சந்திக்கும் கூர்மையான கோட்டில் இருக்கிறது. பாலிஷ் முதலில் தின்பதும் அந்தக் கோட்டைத்தான்.

கீறல் என்பது மேலே ஒட்டிய அழுக்கு இல்லை, பள்ளம். பள்ளத்தை எடுக்க வழி கிடையாது. சுற்றியுள்ள சமதளத்தைப் பள்ளத்தின் ஆழத்துக்கு இறக்கலாம், அவ்வளவுதான். பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு கீறல் இருந்தால், அது மறைய அந்த முகம் முழுவதும் பத்தில் ஒரு மில்லிமீட்டர் போக வேண்டும். இரண்டு பக்கமும் அப்படிப் போனால் லக்கின் அகலத்தில் 0.2 மி.மீ. காணாமல் போகும். ஒரு தடவை என்றால் கண்ணுக்குத் தெரியாது. ஐந்தாறு வருடத்துக்கொரு சர்வீஸ், ஒவ்வொரு சர்வீஸிலும் ‘புதுசு மாதிரி ஆக்கித் தருகிறோம்’ என்று ஒரு பஃப் (சுழலும் பஞ்சு வீலில் வைத்துத் தேய்ப்பது) என்று அறுபது வருடம் ஓடிய வாட்சில் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

பஞ்சு வீலில் கேஸைக் கையால் பிடித்துப் பஃப் அடிக்கும்போது இன்னொரு சேதமும் நடக்கிறது. வீல் மெத்தென்று இருப்பதால் தட்டையான முகத்தில் அழுத்தம் பரவிவிடும், விளிம்பில் மட்டும் குவியும். அதனால் நடுவில் கொஞ்சம் தேயும் நேரத்தில் விளிம்பு மழுங்கி உருண்டுவிடும். லக்கில் துளை இருந்தால் அதன் வாய் கிண்ணம் போலச் சரியும், பொறித்த எழுத்து ஆழம் குறையும். முறையாகச் செய்கிறவர் கேஸை ஒரு பிடியில் பூட்டி, கடினமான தட்டை வட்டில் ஒவ்வொரு முகமாக, கோணம் மாறாமல் தேய்ப்பார். தொடக்கூடாத முகத்தை டேப் ஒட்டி மறைப்பார். இரண்டுக்குமே ‘பாலிஷ்’ என்றுதான் பெயர் என்பது இந்தத் துறையின் பெரிய குழப்பம்.

வாட்சைக் கையில் எடுத்ததும் டியூப்லைட்டுக்குக் கீழே பிடியுங்கள். லக்கின் மேல்முகத்தில் விழும் விளக்கின் பிம்பம் ஓரம் வரை நேர்கோடாக ஓடி, மடிப்பில் சட்டென்று வெட்டுப்பட வேண்டும். ஓரத்துக்கு முன்பே கோடு வளைந்து வழிந்தால் பஞ்சு வீல் போயிருக்கிறது. அடுத்து வெர்னியர். நான்கு லக்கின் நுனியையும் ஒரே இடத்தில் அளந்து எழுதுங்கள். தொழிற்சாலையிலிருந்து நான்கும் ஒன்றுபோல வந்தவை. கையால் பஃப் அடித்தவர் நான்கிலும் ஒரே அழுத்தம் கொடுத்திருக்க மாட்டார். எதிரெதிர் லக் கண்ணுக்கே வேறாகத் தெரிந்தால் வெர்னியரும் வேண்டாம், வாட்சும் வேண்டாம். லக் நுனி மெலிந்தது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. வாரைப் பிடிக்கும் ஸ்ப்ரிங் பார் உட்காரும் துளையைச் சுற்றிய சுவர் மெலிந்தால், ஒருநாள் வாட்ச் கையிலிருந்து கழன்று விழும்.

பிறகு திருப்பிப் பாருங்கள். பின்மூடியின் நடுவில் வானாய்வுக்கூடமும் அதன் மேல் எட்டு நட்சத்திரமும் கொண்ட பதக்கம் புடைப்பாக இருக்கும். 10x லூப்பில், அதாவது பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில், குவிமாடத்தின் கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தால் நல்லது. ஆனால் ஒரு எச்சரிக்கை: பின்மூடி தினமும் மணிக்கட்டில் உரசுவது. பாலிஷே காணாத வாட்சிலும் பதக்கம் தேய்ந்திருக்கலாம். ஆகவே பதக்கம் மழுங்கி லக் கூர்மையாக இருந்தால் ஆசையாகக் கட்டிய வாட்ச் என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் மழுங்கியிருந்தால் வீல். பதக்கம் மழுங்கிய நிலையில் லக் மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் புதிது போலக் கத்தியாக இருந்தால், லக்கை மறுபடி வெட்டியிருக்கிறார்களா என்று சந்தேகப்படுங்கள்.

ஏனென்றால் இப்போது அதுவும் நடக்கிறது. தேய்ந்த இடத்தில் லேசரால் ஸ்டீல் கம்பியை உருக்கி நிரப்பி, பழைய வடிவத்துக்குத் திரும்ப வெட்டுகிறார்கள். நல்ல கை செய்தால் அபாரமான வேலைதான், மறுப்பதற்கில்லை. விற்கும்போது சொன்னால் குறையும் இல்லை. சொல்லாமல் ‘அன்பாலிஷ்டு’ விலைக்கு விற்பதுதான் தப்பு. வெல்டிங் போட்ட இடத்தில் சிலசமயம் ஊசிமுனைத் துளையோ லேசான நிற வேறுபாடோ லூப்பில் தெரியும். மடிப்பு அசலைவிட அகலமாக இருப்பதும் ஒரு அடையாளம்.

‘அன்பாலிஷ்டு’ வேஷத்தில் இன்னொரு மலிவான வழியும் உண்டு. பஃப் அடித்தபின் ஸ்காட்ச்-பிரைட்டால் இழுத்து மங்க வைப்பது. தொழிற்சாலை இழைக்கோடு நீளமாக, ஒரே திசையில் போய் விளிம்போடு நிற்கும். ஸ்காட்ச்-பிரைட் கோடு குட்டையாக, அலைந்து, விளிம்பைத் தாண்டி அடுத்த முகத்திலும் ஏறியிருக்கும். லக் இடுக்கில் கறுப்பாக அழுக்கு அடைந்திருப்பதைச் சாட்சியாகக் காட்டுவார்கள். அழுக்குக்கு அறுபது வருடம் தேவையில்லை, ஒரு கோடைக்காலம் போதும்.

பாலிஷ் போட்டதை எடுப்பதே சரி என்கிற இடமும் இருக்கிறது. மங்கலான உருப்படியின் பின்மூடி விளிம்பிலும் வாஷர் உட்காரும் பள்ளத்திலும் வியர்வை உப்பு அரித்துக் குழி விழுந்திருந்தால், அது யாரும் தொடாத வாட்சாகவே இருந்தாலும் விட்டுவிடுங்கள். கடலோர ஊர்களில் பல வருடம் கட்டிய வாட்சுகளில் இது சகஜம். வாஷர் சரியாகப் படியாமல் ஈரம் உள்ளே போகும், டயலில் புள்ளி விழும். இந்த மாடலில் டயல் போனால் வாட்சே போன மாதிரி. மடிப்பு நான்கும் தெரிகிற, ஒரே ஒரு முறை கவனமாகத் தொட்ட கேஸும் அசல் டயலும் சேர்ந்து வந்தால், தொடாத கேஸில் மறுவண்ணம் அடித்த டயலைவிட அது எத்தனையோ மேல். டயலில் மட்டும் சமரசம் வேண்டாம். பத்து முகச் சாவி மாறியிருந்தால்கூட தேடிப் போட்டுக்கொள்ளலாம்.

தங்கத்துக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. 18 காரட் கேஸ் மென்மையானது, சீக்கிரம் கீறும், அதனாலேயே அடிக்கடி பாலிஷ் ஆகியிருக்கும். அங்கே தொடாததைத் தேடி அலைவதைவிட, ஹெல்வெஷியா தலை முத்திரை (18 காரட் தங்கத்துக்கான சுவிஸ் முத்திரை) வாசிக்கிற அளவுக்கு இருக்கிறதா என்று பார்ப்பது போதும். ஸ்டீல் மேல் தங்கத் தகடு போர்த்திய கேஸ் என்றால் லக் நுனியில் வெள்ளை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பாலிஷ்காரர் தகட்டைத் தாண்டிவிட்டார், திருத்த வழியில்லை. முலாம் பூசிய ஒமேகாக்களில் 20 மைக்ரான் என்று குறித்தவை உண்டு. 20 மைக்ரான் என்றால் 0.02 மி.மீ. அதன்மேல் வீல் வைப்பது, பெயின்ட் சுவரைச் சாணை பிடிப்பது போல.

மற்ற மாடல்களில் இந்த வித்தியாசத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பது கேஸின் வடிவத்தைப் பொறுத்தது. ரோலெக்ஸ் சப்மரைனர் 5513, ஜிஎம்டி 1675 இரண்டிலும் லக் மேல்முகம் இழைத்தது, பக்கம் பளபளப்பு, நடுவே சாய்வு விளிம்பு, லக்கில் ஊடுருவிய துளை. தடித்த லக்குக்கும் கூர்மையான துளை வாய்க்கும் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தம் உண்டு. ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 105.012-இன் முறுக்கிய லக்கும் அப்படியே. 1967-இன் 44ஜிஎஸ் கிராண்ட் சீக்கோ இன்னும் கறாரானது: அதன் கண்ணாடித் தட்டை முகங்கள் ஸரட்ஸு முறையில் வட்டில் தேய்த்து எடுத்தவை. பஞ்சு வீல் பட்டால் வேறு வாட்ச் ஆகிவிடும். வட்டமான, மடிப்பே இல்லாத சாதாரண டிரஸ் வாட்சுக்கு இந்தப் பஞ்சாயத்து எதுவும் வேண்டாம்.

நம்மூரில் அதிகம் கைமாறும் எச்எம்டியில் நிறைய கேஸ்கள் பித்தளை மேல் குரோமியம். அலங்காரக் குரோமியப் பூச்சு பொதுவாக ஒரு மைக்ரானைக்கூட எட்டாது, அடியில் நிக்கல். இதற்குப் பாலிஷ் என்ற பேச்சே கிடையாது. எச்எம்டியின் ஜனதா மாடலில், லக் பின்புறம் லேசாக மஞ்சள் அடிக்கும் ஜனதா நேர்மையான ஜனதா. எல்லா மூலையும் ஒரே மினுக்காக, லக்கின் உட்பக்கம்கூட வெள்ளியாக மின்னினால் மறுமுலாம் போட்டிருக்கிறார்கள். உள்ளே பெரும்பாலும் மறுவண்ண டயலும் இருக்கும். ‘மும்பை ஸ்பெஷல்’ என்று சேகரிப்பாளர்கள் சிரிப்பது இதைத்தான்.

வாங்கியபின் சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ‘கேஸ் பாலிஷ் வேண்டாம்’ என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது பட்டறை வரை போய்ச் சேராது, பல இடங்களில் பாலிஷ் சர்வீஸோடு சேர்ந்தே வரும். மெஷினையும் கிளாஸையும் கழற்றியபின் கேஸை மட்டும் சோப்புத் தண்ணீரில் மென்மையான பிரஷ் போட்டுக் கழுவினாலே பாதி மங்கல் போய்விடும். பாலிஷ் ஆசை அடங்காதவர்களுக்குக் கிளாஸ் இருக்கிறது. அக்ரிலிக் கிளாஸில் பாலிவாட்ச் பசையைத் துளி வைத்து மென்மையான துணியால் இரண்டு மூன்று நிமிடம் தேய்த்தால் மேலோட்டமான கீறல் மறையும், வாட்ச் பத்து வயது குறைந்து தெரியும். நடுவில் நுண்ணிய ஒமேகா குறி உள்ள அசல் கிளாஸ் என்றால், புதிது போடுகிறேன் என்று சொல்கிறவரிடம் பழையதையும் திருப்பிக் கேளுங்கள்.