எஸ்டிசி-1000 வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி: தண்டையார்பேட்டை வீட்டில் ஒரு பால் பைத்தானுக்கு

பால் பைத்தான் (ball python) எனப்படும் ஆப்பிரிக்க மலைப்பாம்பை வளர்ப்பவர்களுக்கான வழிகாட்டிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தொட்டியை எப்படிச் சூடாக்குவது என்பதே அவற்றின் முதல் கவலை. தண்டையார்பேட்டை, ராயபுரம், காசிமேடு போன்ற கடலோரப் பகுதிகளில் மேல்தளத்து வீட்டில் பாம்பு வளர்ப்பவருக்கோ, சூட்டை ஏற்றுவதைவிட அதை உரிய நேரத்தில் நிறுத்துவதே பெரிய வேலை. எஸ்டிசி-1000 எனப்படும் மலிவான டிஜிட்டல் கட்டுப்பாட்டுக் கருவியை இந்த நோக்கில்தான் மதிப்பிட வேண்டும். அவ்வாறு பார்க்கையில், அதன் விலைக்கு இது மிக நல்ல கருவி.

பால் பைத்தானின் தொட்டியில் ஒரு முனை 31 முதல் 33 டிகிரி வரையிலும், மறுமுனை 25 முதல் 27 டிகிரி வரையிலும் இருக்க வேண்டும். தனக்கு வேண்டிய சூட்டைப் பாம்பே நகர்ந்து தேடிக்கொள்ளும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் சென்னையின் வெப்பநிலை 20, 21 டிகிரி அளவுக்கு இறங்கும்போது செராமிக் ஹீட்டர் அவசியமாகிறது. வெளிச்சம் தராமல் வெப்பம் மட்டும் தருவதால் இரவு விலங்கான பால் பைத்தானுக்கு அது ஏற்றது. ஆனால் அதைக் கட்டுப்பாடின்றி எரியவிட்டால் தொட்டியின் சூடான முனை எளிதாக 40 டிகிரியைத் தாண்டிவிடும். 35 டிகிரிக்கு மேல் நெடுநேரம் தங்க நேர்வது இந்தப் பாம்புக்கு ஆபத்தானது.

கருவியில் இரண்டு ரிலேக்கள், அதாவது தானே இணைத்துத் துண்டிக்கும் மின் சுவிட்சுகள், உள்ளன. ஒன்று சூடாக்கும் சாதனத்துக்கும் மற்றொன்று குளிரூட்டும் சாதனத்துக்கும் உரியவை. முதல் அமைப்பில் வேண்டிய வெப்பநிலையையும் இரண்டாவது அமைப்பில் வேறுபாட்டையும் கொடுக்க வேண்டும். 32 டிகிரியும் ஒரு டிகிரி வேறுபாடும் கொடுத்தால், 31-இல் ஹீட்டர் எரியத் தொடங்கி 32-இல் அணையும். 33-ஐ எட்டினால் மற்றொரு ரிலே, அதில் இணைத்த மின்விசிறியை ஓடவிடும். செராமிக் ஹீட்டர் அணைந்த பிறகும் சிறிது நேரம் வெப்பத்தை வெளிவிட்டுக்கொண்டே இருப்பதால், ஒரு டிகிரி வேறுபாட்டில் வெப்பநிலை 33-ஐத் தொட்டு, தேவையின்றி மின்விசிறி ஓடத் தொடங்கிவிடுகிறது. வேறுபாட்டை 2 டிகிரியாக வைத்த பின்னர் எங்கள் வீட்டில் இந்தத் தொல்லை இல்லை. மின்தடைக்குப் பிறகும் அமைப்புகள் அழியாமல் இருப்பது பாராட்டத்தக்கது. தொட்டிக்குள் வெப்பநிலையை அறியும் சென்சார் அறுந்தால் திரையில் பிழைக்குறி தோன்றி, ஒலி எழுப்பி, இரண்டு ரிலேக்களையும் கருவி நிறுத்திவிடுகிறது. உயிருள்ள ஒன்றைப் பாதுகாக்கும் கருவிக்கு இந்தக் குணம் மிக முக்கியம்.

கருவி காக்காத இடமும் உண்டு. சென்சார் பிடியிலிருந்து கழன்று குளிர்ந்த முனையில் விழுந்தால், அந்த இடத்தின் வெப்பநிலையையே அது தெரிவிக்கும்; தொட்டி முழுதும் குளிர்ந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு கருவி ஹீட்டரை அணைக்காமல் எரியவிடும். எனவே சென்சாரை ஹீட்டருக்கு நேர்க்கீழே, பாம்பின் முதுகு உயரத்தில், கிளிப் வைத்துச் சுவரோடு இறுக்கிப் பொருத்த வேண்டும். தொட்டிக்குள் செலோடேப் கூடவே கூடாது. அது செதிலில் ஒட்டிக்கொண்டால் பிரித்தெடுக்கும்போது தோல் கிழியக்கூடும். ஹீட்டரைச் சுற்றிக் கம்பி வலைக் கூண்டும், அதற்குப் பீங்கான் ஹோல்டரும் தேவை. பிளாஸ்டிக் ஹோல்டர் அந்தச் சூட்டில் உருகிவிடும்.

மின்விசிறியை இணைக்கும் வசதியைப் பலர் பெரிதாகச் சொல்கிறார்கள். என் கருத்தில் அதன் பயன் குறைவு. கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையே 36 டிகிரியில் இருக்கும்போது, விசிறி அந்தச் சூடான காற்றைத்தான் தொட்டிக்குள் கொண்டுவரும். அந்த வாரங்களில் தொட்டியைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவதோ அறைக்கு ஏசி போடுவதோதான் வழி. ஏசி போட்டால் ஈரப்பதம் குறையும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

வெப்பத்தைவிட ஈரப்பதத்தில்தான் அதிகக் குழப்பம் நேர்கிறது. பால் பைத்தானுக்கு 55 முதல் 70 விழுக்காடு வரை ஈரப்பதம் வேண்டும். சட்டை உரிக்கும் நாட்களில் அது மேல் எல்லையை ஒட்டியிருப்பது நல்லது. கடலோரத்தில் இதற்கு என்ன பஞ்சம் என்று தோன்றும். ஆனால் காற்று சூடாகும்போது அதிலுள்ள நீராவி மாறாவிட்டாலும் ஈரப்பத விழுக்காடு சரியும். 24 டிகிரியில் 80 விழுக்காடு ஈரப்பதமுள்ள மார்கழிக் காற்று, ஹீட்டருக்கு அடியில் 32 டிகிரிக்குச் சூடானால் 50 விழுக்காடாகிவிடும். ஏசி அறையின் 24 டிகிரி, 50 விழுக்காட்டுக் காற்று அதே இடத்தில் ஏறக்குறைய 31 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். கண்ணின் மேலுள்ள செதில் உரியாமல் தங்கிப்போவதும், சட்டை துண்டு துண்டாகக் கழல்வதும் இத்தகைய வறட்சியால்தான். ஈரப்பதமானியைக் குளிர்ந்த முனையில் மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எஸ்டிசி-1000 ஈரப்பதத்தை அளக்காது; அதற்குத் தனியாக டிஜிட்டல் ஈரப்பதமானி வாங்க வேண்டும். முள் வைத்த வட்ட வடிவ மானிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். எதை வாங்கினாலும் ஒரு சோதனை செய்துவிடுங்கள். பாட்டில் மூடியில் தூள் உப்பைக் கொட்டி, ஈர மணல்போல் ஆகும் அளவுக்கு மட்டும் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு முழுதும் மூடி வையுங்கள். காலையில் மானி 75 விழுக்காடு காட்ட வேண்டும். கூடவோ குறையவோ காட்டினால் அந்த வித்தியாசத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, படிக்கும்போதெல்லாம் சரிசெய்துகொள்ளலாம்.

ஈரத்தைத் தக்கவைக்கக் கோகோபீட் (தேங்காய் நார்க்கழிவுத் தூள்) படுக்கை போதும். மாதவரம் பக்கத்து நர்சரிகளில் கிடைக்கிறது. அடிப்பகுதி ஈரமாகவும் மேற்பரப்பு உலர்ந்தும் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எதையும் தெளிக்கத் தேவையில்லை. அப்போது காற்றோட்டம்தான் முக்கியம். நசநசத்த படுக்கையில் கிடந்தால் வயிற்றுச் செதில் புண்ணாகும், மூச்சுக்குழலில் தொற்று வரும். வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்கில் குமிழி தெரிந்தாலோ வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தாமதமின்றிக் கொண்டுசெல்ல வேண்டும். கொளத்தூரில் மீன்தொட்டி செய்பவர்களிடம் நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்று அளவு கொடுத்து, முன்பக்கம் தள்ளுகதவும் இரு பக்கமும் வலைத் துளையும் வைக்கச் சொல்லிச் செய்துகொள்ளலாம்.

இவையெல்லாம் வெளிநாட்டு இனங்களுக்கு மட்டுமே பொருந்தும். சாரை, மண்ணுளி, நம் மலைப்பாம்பு ஆகியவற்றை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் பால் பைத்தான் உள்ளதால், 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் அதைப் பதிவு செய்வதும் கட்டாயம்.

கருவி ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. பிளக்கோ பெட்டியோ இல்லாமல் வெறும் முனைகளோடு வருவதால், வயரிங் தெரிந்த எலெக்ட்ரீஷியனைக் கொண்டு மூடிய பெட்டிக்குள் பொருத்தி, தொட்டிக்கு வெளியே, தண்ணீர் தெறிக்காத உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள். இதே பெயரில் 12, 24, 110 வோல்ட் வகைகளும் விற்பனையாகின்றன. பணம் கொடுக்குமுன் 220 வோல்ட் என்று கருவியின் மேல் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.