டீசல் கேனும் வெயிலும்

பாலக்கோடு பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஆற்றல் வளங்கள் பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போடுவேன். ஒரு பக்கம் புதுப்பிக்கத்தக்கவை: சூரியன், காற்று, ஆற்று நீர், சாணம். மறுபக்கம் புதுப்பிக்க இயலாதவை: நிலக்கரி, பெட்ரோலியம், இயற்கை எரிவாயு, யுரேனியம். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் என் இரண்டு ஏக்கர் தக்காளி நிலத்தோடு நானே அந்தக் கோட்டைத் தாண்டினேன். டீசல் இன்ஜினை நிறுத்திவிட்டு சோலார் பம்பு செட் போட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பாடத்தைப் பழைய மாதிரி நடத்த முடியவில்லை. ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் வெயில் கட்சி.

முதலில் பழைய ஏற்பாடு. எங்கள் கிணறு ஐம்பது அடி. பாதி ஆழத்தில் பாறையைக் குடைந்து ஒரு மேடை, அதன்மேல் அப்பா காலத்து 5 குதிரைத்திறன் டீசல் இன்ஜின். மேட்டிலேயே வைக்கக்கூடாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். பம்பு நீரை எவ்வளவு உயரத்துக்கு வேண்டுமானாலும் தள்ளும். உறிஞ்சுவது மட்டும் ஏறத்தாழ 25 அடியோடு சரி. காற்றழுத்தம் அவ்வளவுதான் துணைக்கு வரும். ஆகவே இன்ஜின் கீழே போக வேண்டும், அதை ஓட்ட டீசல் கேனோடு நானும் கீழே போக வேண்டும். படி வழுக்கும். உறிஞ்சு குழாயில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றிவிட்டு ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால், நல்ல நாளாக இருந்தால் மூன்றாவது சுற்றில் பிடிக்கும். பிடித்த உடனே கரும்புகை கிணற்றுக்குள்ளேயே சுழலும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமும் மணமும் இல்லாத நச்சு. இன்ஜின் ஓடும்போது கீழே நிற்காதே என்று அப்பா விரட்டுவார். காரணம் எனக்குக் கல்லூரியில்தான் புரிந்தது.

இனி ஒப்பீடு. தீர்ந்துபோகும், தீராது என்பதுதான் பாடநூல் முதலில் சொல்லும் வேறுபாடு. உண்மைதான். இந்தியாவின் நிலக்கரியில் பெரும்பகுதி 25 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காடுகள் புதைந்து இறுகியது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி வயதில் இளையது, அதுவும் கோடிக் கணக்கில்தான். எரிக்கும் வேகத்துக்கு எந்தக் காடும் புதைந்து கரியாகாது. ஒரு மாணவி கேட்டாள்: “விறகு எந்தப் பக்கம் சார்?” நல்ல கேள்வி. வெட்டும் வேகத்தில் மரம் வளர்ந்தால் புதுப்பிக்கத்தக்க பக்கம், வளராவிட்டால் மறுபக்கம். பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட எடுக்கும் வேகத்தையும் உண்டாகும் வேகத்தையும் பார்ப்பது நல்லது.

ஆனால், தீர்ந்துவிடுமே என்று பயந்து நான் டீசலை விடவில்லை. பெட்ரோல் பங்க்கில் டீசல் ஒருநாளும் தீர்ந்ததில்லை, தீர்ந்துகொண்டிருந்தது என் பணம்தான். என்னை மாற்றியது தினச் செலவு. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

என் இன்ஜின் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் குடிக்கும். நான்கு மணி நேரம் ஓட்டினால் நாலரை லிட்டர். ஆண்டில் ஏறத்தாழ 120 நாள் பாய்ச்சுவேன், 540 லிட்டர். லிட்டர் 94 ரூபாய் என்று வைத்தால் ஐம்பதாயிரத்துக்கு மேல். இது எரிபொருள் மட்டும். ஆயில் மாற்றுவது, ஃபில்டர், நாசில், அடிக்கடி மக்கர் செய்யும் ஃபுட் வால்வு, அறுந்துபோகும் பெல்ட், மெக்கானிக் வரும் நாள் கூலி, கேனைத் தூக்கிக்கொண்டு பங்க்குக்குப் போய்வரும் அரை நாள் எல்லாம் தனி. தக்காளி விலை கிலோ ஐந்து ரூபாய்க்கு இறங்கினாலும் இன்ஜின் அதே டீசலைத்தான் குடிக்கும்.

சோலார் பம்பு செட்டில் கணக்கு தலைகீழ். 330 வாட் பேனல்கள் 15, பேனல் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி கொடுக்கும் ஒரு கன்ட்ரோலர், கிணற்றுக்குள் இறக்கிய நீர்மூழ்கி மோட்டார். 60 சதவீதம் அரசு மானியம் போக என் கையிலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் லட்சம் போயிற்று. ஒரே நாளில் அவ்வளவு பணம் எடுத்து வைக்க நெஞ்சு அடைத்தது. மனைவியின் இரண்டு வளையல்கள் சில மாதம் அடகுக் கடையில் இருந்தன. ஆனால் மறுநாள் காலையிலிருந்து எரிபொருள் செலவு பூஜ்யம். இரண்டரை ஆண்டில் டீசல் மிச்சத்திலேயே முதல் திரும்பிவிட்டது. மானியமே இல்லாமல் மூன்று லட்சம் போட்டிருந்தால் ஆறு ஆண்டு பிடித்திருக்கும். இந்த வகுத்தலைப் பிள்ளைகளையே செய்யச் சொன்னேன். கணக்கு ஆசிரியருக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்.

ஒன்று சொல்லியாக வேண்டும். இலவச மின் இணைப்பு வைத்திருக்கும் விவசாயிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவருக்கு டீசலும் வேண்டாம், பேனலும் வேண்டாம். நான் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மூப்புப் பட்டியலில் காத்துக் கிடந்தவன்.

புகைக் கணக்கும் வகுப்பில் ஒரு சண்டையைக் கிளப்பியது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும் என்றேன். டீசல் லிட்டருக்கு ஒரு கிலோகூட எடை இல்லை, சுமார் 830 கிராம்தான். “கணக்கு தப்பு சார், உள்ளே போனதைவிட வெளியே வருவது எப்படி அதிகமாகும்?” என்று பின் பெஞ்சுக்காரன் எழுந்தான். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. டீசலில் உள்ள கார்பன் எரியும்போது காற்றிலிருந்து ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்கிறது. கார்பன் அணுவின் எடை 12 என்றால் அதோடு ஒட்டும் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் 32, மொத்தம் 44. கூடுதல் எடை காற்றிலிருந்து வந்தது. அப்படிப் பார்த்தால் என் ஒரு கிணறு மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,450 கிலோ விட்டிருக்கிறது.

கிணற்றளவில் பார்த்ததைப் பெரிய அளவில் பார்க்க மேட்டூரைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஒகேனக்கல்லில் விழும் காவிரி அங்கேதான் போய்ச் சேருகிறது. ஒரே ஊரில் இரண்டு வகை மின் நிலையமும் உண்டு. அணை 1934-இல் முடிந்தது. அடியில் உள்ள நீர்மின் நிலையம் 1937-இல் ஓடத் தொடங்கியது. இத்தனை ஆண்டுகளில் அதற்கென்று யாரும் ஒரு கூடை எரிபொருள் வாங்கியதில்லை. பக்கத்திலேயே அனல்மின் நிலையம், இரண்டு பிரிவும் சேர்த்து 1,440 மெகாவாட். ஒடிசா நிலக்கரி கப்பலிலும் ரயிலிலும் வந்தால்தான் அதற்குச் சாப்பாடு. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி. வீட்டில் 75 வாட் பழைய மின்விசிறி 13 மணி நேரம் சுற்றினால் ஒரு யூனிட். அதாவது ஓர் இரவும் கொஞ்சம் பகலும் காற்று வாங்க ஒரு பெரிய சொம்பு நிறையக் கரி. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். நம் பக்கத்தில் வீடு கட்டும் சாம்பல் நிறக் கல்லில் இருப்பது அந்தச் சாம்பல்தான்.

மேட்டூரைச் சொல்லிவிட்டு நீர்மின்சாரத்தின் பலவீனத்தை மறைப்பது நியாயமில்லை. டெல்டாவுக்கு ஜூன் 12-இல் அணை திறப்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. திறக்க நீர் இல்லையென்றால், நீர் பாய்ந்து சுற்ற வேண்டிய மின் நிலையச் சுழலியும் சும்மா நிற்க வேண்டியதுதான். அனல்மின் நிலையத்துக்கு ஜூன் 12-உம் ஒன்றுதான், தை அமாவாசையும் ஒன்றுதான். கரி இருந்தால் நள்ளிரவிலும் ஓடும். காற்றாலையும் இப்படித்தான், ஆரல்வாய்மொழிக் கணவாயில் மே முதல் செப்டம்பர் வரை விளாசிவிட்டுப் பிறகு சோம்பிவிடும். காற்றாலைகளை நான் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி, அதற்குமேல் பேச மாட்டேன். யுரேனியம் தோண்டி எடுப்பது, தீரக்கூடியது. ஆனால் எரிவதில்லை என்பதால் கூடங்குளம் ஓடும்போது கரியமில வாயு விடுவதில்லை. கோட்டின் அந்தப் பக்கம் எல்லாமே புகைக்கும் என்று எழுதினால் மதிப்பெண் போகும்.

டீசலுக்கு ஒரு நியாயம் செய்தே ஆக வேண்டும். ஒரு லிட்டர் டீசல் என் இன்ஜினில் மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல் வேலை கொடுத்தது. வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆனாலும் அதனுள் இருப்பது 1.8 யூனிட். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு தண்ணீர் பாட்டில் டீசலுக்கு ஈடாக இரண்டு பேட்டரிகள். கிருஷ்ணகிரி கிரானைட் லாரியும் அறுவடை இயந்திரமும் இன்னும் ஏன் டீசலிலேயே ஓடுகின்றன என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். என் வேலையில் மட்டும் ஒரு அதிர்ஷ்டம்: வெயில் அடிக்கும்போதுதான் செடிக்கும் தாகம். மழை நாளில் பேனல் தூங்கினாலும் நஷ்டமில்லை. ஆகவே எனக்குப் பேட்டரியே தேவைப்படவில்லை. இரவில் படிக்கும் விளக்குக்கு இந்த அதிர்ஷ்டம் கிடையாது.

பராமரிப்பில் வெயில் முற்றிலும் ஓசி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பேனலில் தூசி படியும். பக்கத்து மண் சாலையில் டிராக்டர் போன மறுநாள் தண்ணீர் வரத்து குறைவது கண்ணுக்கே தெரியும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை விடியலில், கண்ணாடி சூடேறுவதற்கு முன் துடைக்கிறேன். முதல் ஆண்டில் கிணற்றுத் தண்ணீரிலேயே கழுவினேன். எங்கள் தண்ணீர் கடினத் தண்ணீர். காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விட்டது, எலுமிச்சைச் சாறு போட்டுத் தேய்க்க வேண்டியதாயிற்று. இப்போது கூரையிலிருந்து பிடித்த மழைநீர். இன்னொன்று, சித்திரை வெயிலில் பேனல் அதிகம் கொடுக்கும் என்று நினைத்திருந்தேன். பேனலுக்கு வேண்டியது ஒளி. சூடு அதற்கு ஆகாது. 25 டிகிரிக்குமேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் குறையும்.

இரண்டாம் ஆண்டு கன்ட்ரோலர் போயிற்று. பொருத்திய நிறுவனத்துக்குத் தினமும் போன் செய்தேன். ஆள் வரப் பதினோரு நாள் ஆயிற்று. தக்காளி பூ விட்டிருந்த நேரம். இன்ஜினாக இருந்தால் பாலக்கோட்டிலேயே நான்கு மெக்கானிக்குகள், அன்று மாலையே புகை வந்திருக்கும். பழைய இன்ஜினை விற்காமல் வைத்திருந்ததால் பிழைத்தேன். அந்தப் பதினோரு நாளும் மறுபடி கேன், மறுபடி வழுக்கும் படி. பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம், அப்போதும் 80 சதவீதம் கொடுக்கும் என்று தாளில் இருக்கிறது; நான் பார்த்திருப்பது நான்கு ஆண்டு. மறுவிற்பனை என்று வந்தால் இன்ஜினை இன்றைக்கும் சந்தையில் யாராவது கேட்பார்கள். பழைய பேனலைக் கேட்டு என்னிடம் ஒருவர்கூட வந்ததில்லை.

இவ்வளவுக்கும் பிறகு மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னால் வெயிலைத்தான் எடுப்பேன், ஒரு எச்சரிக்கையோடு. டீசல் ஓடியபோது நிமிடத்துக்கு ஒன்றே முக்கால் ரூபாய் புகையாகப் போவது உறுத்தும், வேலை முடிந்ததும் ஓடிப்போய் நிறுத்துவேன். வெயிலில் அந்த உறுத்தல் இல்லை. முதல் கோடையில் காலை ஒன்பது முதல் மாலை வரை தினமும் ஓடவிட்டேன்; பங்குனி முடிவதற்குள் மோட்டார் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. வெயில் மறுநாளும் வந்தது, ஊற்று வரவில்லை. வகுப்பில் இதைச் சொல்லி, கிணற்று நீரை எந்தப் பக்கம் எழுதுவது என்று கேட்டேன். பாதிப் பேர் இடம், பாதிப் பேர் வலம். கர்நாடகத்தில் மழை பெய்தால் நம் கிணறு நிறையுமா என்று ஒருவன் கிளப்ப, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

இப்போது மூன்று மணி நேரத்தில் அணைத்துவிடுகிறேன். கன்ட்ரோலரிலேயே நேரம் குறித்து வைக்கும் வசதி இருக்கிறதாம். இன்னும் கற்றுக்கொள்ளவில்லை, பள்ளிக்கு வந்துவிட்ட நாளில் மனைவிதான் போய் அணைக்கிறாள்.