மும்பை லோக்கல்: புதிதாக வருபவர்களுக்கு ஒரு மதிப்பீடு

மும்பைக்கு வேலைக்கு வந்து இறங்கும் நம்மவர்கள் முதல் வாரத்திலேயே சொல்லும் குறை, "இந்த ஊர்ல எல்லாரும் இடிச்சுத் தள்ளிட்டு ஓடுறாங்க" என்பது. லோக்கல் ரயிலில் நாலு நாள் போனால் காரணம் புரிந்துவிடும். பெரும்பாலான நிலையங்களில் வண்டி அரை நிமிடம்கூட நிற்காது. அதற்குள் ஒரு கூட்டம் இறங்கி, இன்னொரு கூட்டம் ஏற வேண்டும். இந்த ஊரின் வேகத்தைத் தீர்மானிப்பதே அந்த அரை நிமிடம்தான்.

சேவையாகப் பார்த்தால் இதற்கு ஈடு கிடையாது. தென்கோடியில் உள்ள சர்ச்கேட்டிலிருந்து வடக்கே விரார் சுமார் 60 கி.மீ. காலையில் சாலை வழியாக இந்தத் தூரத்தை இத்தனை மலிவாக, இத்தனை சீக்கிரம் கடக்க வேறு வழியே இல்லை. மாதப் பாஸ் எடுத்தால், தினமும் டிக்கெட் வாங்கும் செலவில் பாதிகூட ஆகாது. டிக்கெட் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும்.

ஏறும் முன் இண்டிகேட்டரை, அதாவது பிளாட்பாரத்தில் தொங்கும் மின்பலகையை, முழுதாகப் படியுங்கள். சேரும் இடம், நேரம், ஸ்லோவா ஃபாஸ்ட்டா, 12 பெட்டியா 15 பெட்டியா என்று எல்லாமே அதில் வரும். பலர் கோட்டை விடுவது கடைசி விஷயத்தில். 15 பெட்டி வரும் என்று பிளாட்பாரத்தின் கோடியில் நின்றிருப்பார்கள். வருவது 12 பெட்டி வண்டி. ஓடிப் பிடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிடும். முதல் வகுப்பு நிற்கும் இடத்தைச் சிவப்பு மஞ்சள் சாய்கோடுகள் காட்டும். கூட்டத்தில் தெரியாமல் ஏறினாலும் அபராதம் உண்டு: குறைந்தது 250 ரூபாய், அதோடு கட்டண வித்தியாசம். பெண்கள் பெட்டிகளில் சில பெட்டிகள் நாள் முழுதும் அவர்களுக்கானவை, மற்றவை குறிப்பிட்ட நேரம் மட்டும். கதவருகே எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லோக்கலில் வெஸ்டர்ன், சென்ட்ரல், ஹார்பர் என்று முக்கியமாக மூன்று லைன்கள், அதாவது தடங்கள். ஊர்ப் பெயர்களிலும் குழப்பம் வரும். மாட்டுங்கா சென்ட்ரல் லைனில், மாட்டுங்கா ரோடு வெஸ்டர்ன் லைனில். செம்பூர் ஹார்பர் லைன். ஸ்லோ நிற்கும் எல்லா இடத்திலும் ஃபாஸ்ட் நிற்காது. மாட்டுங்கா போகிறவர் ஃபாஸ்ட்டில் ஏறினால் தாதரிலிருந்து திரும்பி வர வேண்டியிருக்கும். சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸை இன்னமும் பலர் 'வீடி' (பழைய பெயரான விக்டோரியா டெர்மினஸின் சுருக்கம்) என்றே சொல்கிறார்கள். சென்னையிலிருந்து வரும் வண்டிகளில் சில லோக்மான்ய திலக் டெர்மினஸில் நிற்கும். அங்கிருந்து பக்கத்து லோக்கல் நிலையம் ஹார்பர் லைனின் திலக்நகர். பெட்டி படுக்கையோடு இறங்குகிறவர்கள் காலை 8 முதல் 11 வரை லோக்கல் பக்கமே போக வேண்டாம். டாக்ஸிக்குக் கொடுக்கும் காசு வீணில்லை.

நிற்கும் இடம்தான் இங்கே எல்லாம். தூரம் போகிறவர்கள் கதவருகே நின்றால், ஒவ்வொரு நிலையத்திலும் இறங்குகிறவர்கள் வெளியே இழுத்துப் போட்டுவிடுவார்கள். பிறகு மறுபடி ஏறப் போராட வேண்டும். எதிரெதிர் இருக்கைகளுக்கு நடுவே புகுந்து நில்லுங்கள், காற்றும் வரும். மூன்று பேர் இருக்கையில் நான்காவதாக ஓரம் கேட்பது இங்கே வழக்கம், தயங்க வேண்டாம். இரண்டு நிலையம் தாண்டி இறங்குகிறவர் உள்ளே போகவே கூடாது.

இறங்கும் நிலையத்துக்கு முந்தைய நிறுத்தத்திலேயே முன்னால் நிற்பவரைத் தொட்டு "உதர்னா ஹை?" என்று கேளுங்கள். 'நீங்கள் இறங்குகிறீர்களா?' என்பதுதான் அர்த்தம். ஆம் என்றால் அவர் பின்னாலேயே நில்லுங்கள். இல்லையென்றால் இடம் மாற்றிக்கொள்வார். பிளாட்பாரம் எந்தப் பக்கம் வரும் என்பதையும் அவரிடமே கேட்டுவிடலாம். தோள்பையை மார்புப் பக்கம் மாட்டுங்கள். முதுகில் மாட்டினால் கூட்டத்தில் சிக்கி, ஆள் வெளியே, பை உள்ளே என்று ஆகிவிடும். மாலையில், விராருக்கு முன்பே வரும் போரிவலிக்குப் போகிறவர்கள் விரார் ஃபாஸ்ட்டில் ஏறக் கூடாது. இறங்க விடக் கூடாது என்று யாருக்கும் பகையில்லை. கடைசி வரை போகிறவர்கள் கதவை அடைத்து நிற்பதால் வழி கிடைக்காது. போரிவலியோடு முடியும் வண்டிக்காகப் பத்து நிமிடம் காத்திருக்கலாம்.

வெஸ்டர்னும் சென்ட்ரலும் சந்திக்கும் தாதரில் வண்டி மாறுவது இன்னொரு சோதனை. 2023 டிசம்பரிலிருந்து பிளாட்பார எண்கள் தொடர்ச்சியாக உள்ளன: வெஸ்டர்ன் 1 முதல் 7, சென்ட்ரல் 8 முதல் 14. பழைய எண்ணைச் சொல்லி வழிகாட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பலகையை நம்புங்கள்.

இந்தச் சேவையின் பெரிய குறை உயிர் சம்பந்தப்பட்டது. ஏசி லோக்கல் 2017 டிசம்பர் 25 முதல் ஓடுகிறது, கதவு தானாக மூடும். சாதாரண வண்டிகளோ திறந்த கதவோடுதான் ஓடுகின்றன. 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா அருகே வளைவில் இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று கடக்கையில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் விழுந்து சிலர் இறந்தார்கள். வளைவில் இரு வண்டிகளின் இடைவெளி குறையும். முதுகுப் பை அதை இன்னும் குறைக்கும். தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பது இதைவிடக் கொடியது, இந்த ரயில்பாதைகளில் அதிகம் பேர் சாவது அப்படித்தான். பாலம் எத்தனை தூரமானாலும் ஏறிப் போங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பராமரிப்புக்காக மெகாபிளாக் இருக்கும். பகலில் சில தடங்கள் நிற்கும், வண்டிகள் குறையும். வீடு பார்க்கவோ நேர்காணலுக்கோ கிளம்பும் முன் அன்றைய அறிவிப்பைப் பாருங்கள். கனமழை நாளில் குர்லா, சயான் பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறினால் சென்ட்ரல் லைன் தடுமாறும். அன்று மதியமே அலுவலகத்திலிருந்து கிளம்பிவிடுங்கள்.