லே நகரத்து மண் வீடுகள்: அடையாறில் ஒரு வார இறுதி வகுப்பு

லடாக்கின் முதன்மை நகரான லேயில் வீடுகள் எப்படிக் கட்டப்பட்டன, அந்த நகரம் இன்று எப்படி வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதைப் பற்றி அடையாறில் உள்ள சிறிய கட்டடக்கலைப் பயிலகம் ஒன்று சனி, ஞாயிறு இரு நாட்களும் வகுப்பு நடத்துகிறது. மதிய உணவு உட்படக் கட்டணம் 2,500 ரூபாய். கல்லூரி மாணவர்கள், சொந்த வீடு கட்டத் தொடங்கியிருக்கும் தம்பதியர், பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வுபெற்ற பொறியாளர் எனப் பல தரப்பினரும் வந்திருந்தார்கள். சென்னையில் இருப்பவருக்கு இந்த வகுப்பு எதற்கு என்று கேட்டால், வீட்டுக்கும் தண்ணீருக்கும் நிலத்துக்கும் உள்ள உறவு லேயில் ஒளிவு மறைவின்றித் தெரிகிறது என்பதே என் பதில். அந்த உறவின் முதல் பாதியை இவர்கள் மிக நன்றாகக் கற்பிக்கிறார்கள்; இரண்டாம் பாதியில் அவசரப்படுகிறார்கள்.

லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்றால், அங்கே 100 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பெய்யும். குளிர்காலத்து இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20 பாகை வரை இறங்கும். ஆனால் ஆண்டின் பெரும்பாலான நாட்களில் வானம் தெளிந்து வெயில் அடிக்கும். மழை குறைவு, மரம் அரிது, வெயில் தாராளம் என்ற இந்த மூன்றையும் கொண்டுதான் அந்த ஊர் வீடு உருவாயிற்று. கீழ்த்தளத்துக்குக் கல், அதற்கு மேலே வெயிலில் காயவைத்த பச்சை மண் கல், தெற்கு நோக்கிய சன்னல்கள், தட்டையான மண் கூரை என்பது அதன் பொது அமைப்பு. கால்நடைகளும் தானியமும் கீழே, அடுப்பங்கரை நடுவே, பூசை அறை உச்சியில் என்ற அடுக்குமுறையை ஆசிரியை குறுக்குவெட்டு வரைபடம் ஒன்றின் மூலம் அருமையாக விளக்கினார்.

முதல் நாள் பிற்பகலில் கூரையின் மாதிரி ஒன்றைச் செய்து காட்டினார்கள். வகுப்பின் சிறந்த பகுதி அதுதான். லேயில் நெட்டிலிங்கம் போல ஓங்கி வளரும் பாப்லர் மரத்தை உத்தரமாகப் போட்டு, அதன்மேல் பட்டை உரித்த வில்லோ குச்சிகளை இடைவெளி விடாமல் நெருக்கி அடுக்கி, புல்லும் செடியும் பரப்பி, மண்ணைக் கொட்டி மிதித்து, கடைசியில் வழுவழுப்பான களிமண்ணைப் பூசுவார்கள். இங்கே கிடைத்த சவுக்குக் கட்டையையும் குச்சிகளையும் கொண்டு, விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்திருந்த மேஸ்திரி அதை அப்படியே செய்தார். ஒரு குச்சி கொஞ்சம் வளைந்திருந்தாலும் எடுத்துத் திருப்பி வைத்து, இடுக்கில் விரல் நுழையாதபடி இறுக்கிய பிறகே அடுத்ததைத் தொட்டார். "ஐயா, மழை பெய்தா இது தாங்குமா?" என்று ஒரு மாணவர் கேட்டார். "நம்ம ஊரு மழைக்கு ஒரு ராத்திரி நிக்காது தம்பி. அங்க மழையே இல்லைன்னு சொல்றாங்களே, அதை நம்பித்தான் இப்படிப் போடுறாங்க" என்றார் மேஸ்திரி. பிற்பாடு வெள்ளத்தைப் பற்றிப் பேசியபோது இந்தப் பதில்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஓய்வுபெற்ற பொறியாளர் அப்போது, "மேடம், நம்ம மெட்ராஸ் டெரஸும் இதே கணக்குதானே?" என்று கேட்டார். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து இடிக்கும் அந்தக் கூரையின் கீழ்தான் மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் பல தலைமுறைகள் வாழ்ந்தன. மரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தி, கனமான அடுக்கால் வெப்பத்தைத் தடுக்கும் முறை இரண்டிலும் ஒன்றே என்று ஆசிரியை ஒப்புக்கொண்டு, வேறுபாடுகளையும் பொறுமையாகச் சொன்னார். கேள்வி எங்கிருந்து வந்தாலும் அதை மதித்துப் பதில் சொன்ன விதத்துக்காகவே இந்த வகுப்பைப் பாராட்ட வேண்டும்.

வெயிலைச் சேமிக்கும் சுவரைப் பற்றிய பகுதியும் நன்றாக இருந்தது. தெற்குச் சுவருக்குக் கருநிறம் பூசி, அதற்கு முன்னால் கண்ணாடி வைத்தால், பகலில் சுவர் சூடேறி இரவில் அறைக்குள் வெப்பத்தை விடும். ஒரு சிறு பெட்டி, ஹாலஜன் விளக்கு, இரண்டு வெப்பமானிகள், இவ்வளவுதான் கருவி. விளக்கை அணைத்து வெகு நேரமான பிறகும் மண் சுவர் வைத்த பெட்டிக்குள் சூடு தங்கியிருந்ததை எல்லோரும் பார்த்தோம். லேக்கு அருகில் உள்ள பே கிராமத்தில் செக்மால் என்ற கல்வி அமைப்பின் மாணவர் வளாகம் வெயிலைச் சேமிக்கும் இதே கொள்கையில்தான் கட்டப்பட்டது என்பதையும், மண் கட்டடங்களுக்கான டெர்ரா விருதை 2016ஆம் ஆண்டில் அது பெற்றதையும் படங்களுடன் காட்டினார்கள். வெப்பக் காப்பு ஏதும் இல்லாத கான்கிரீட் வீடு அதே குளிரில் எப்படி உறைந்துபோகும் என்பதும் இதன்மூலம் தெளிவாயிற்று.

இரண்டாம் நாள் நகரத்தைப் பற்றியது. செங்கே நம்கியால் மன்னர் 17ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஒன்பது அடுக்கு அரண்மனை, அதன் அடிவாரத்தில் நெருக்கமாக அமைந்த பழைய நகரம், 1974ஆம் ஆண்டில் லடாக் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது, 2019ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று ஒன்றியப் பகுதியானது என வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னார்கள். பழைய நகரத்துக் குடும்பங்கள் பல, கார் நுழையாத சந்துகளை விட்டுவிட்டு வெளியே வயல்களில் தனி வீடும் விருந்தினர் விடுதியும் கட்டிக்கொண்டு போனதையும், காலியான வீடுகளில் வெளி மாநிலத் தொழிலாளர்கள் வாடகைக்குக் குடியேறியதையும் பற்றி அவர்கள் பேசியது மிகவும் பயனுள்ளது. 2008ஆம் ஆண்டில் உலக நினைவுச் சின்னங்கள் நிதியம் அழிவின் விளிம்பில் உள்ள இடங்களின் பட்டியலில் லே பழைய நகரத்தைச் சேர்த்தது. திபெத் பாரம்பரிய நிதியம் அங்குள்ளவர்களுடன் சேர்ந்து வீடுகளைப் பழுதுபார்க்கும்போது, சந்துகளில் வடிகாலும் கல் தளமும் அமைத்தது. மக்கள் தொடர்ந்து குடியிருந்தால்தான் மண் வீடு நிலைக்கும். பராமரிக்க ஆள் இல்லாத மண் கூரை சில ஆண்டுகளில் உள்ளே இறங்கிவிடும்.

இங்கேதான் என் குறை தொடங்குகிறது. லேயின் இன்றைய வீட்டுப் பிரச்சினைக்கு மையமாக இருப்பது தண்ணீர். பனி உருகி வரும் ஓடைகளை நம்பித்தான் அந்த ஊர் வாழ்ந்தது. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று முறை வைத்துப் பகிர்ந்தளிக்க ஊர் மக்களே ஒருவரை நியமிப்பார்கள். கழிப்பறையில் தண்ணீருக்கு இடமில்லை. மேல் தளத்தில் மண்ணும் சாம்பலும் தூவப்படும் கழிவு கீழே விழுந்து மக்கி, வசந்தத்தில் வயலுக்கு எருவாகப் போகும். விடுதிகள் பெருகியபோது தண்ணீர் ஊற்றும் கழிப்பறைகளும், அவற்றுக்காக ஆழ்துளைக் கிணறுகளும், கழிவுநீர்த் தொட்டிகளும் வந்தன. அதே நிலத்தடி நீரை உறிஞ்சி, அதே நிலத்துக்குள் கழிவை விடும் நிலைமை வேளச்சேரியிலும் மேடவாக்கத்திலும் குடியிருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இவ்வளவு முக்கியமான பகுதிக்கு உணவு இடைவேளைக்கு முன்னால் அரை மணி நேரம் மட்டுமே ஒதுக்கியிருந்தார்கள். வீடு கட்டத் தொடங்கியிருந்த அந்தத் தம்பதியர் கழிவுநீர்த் தொட்டிக்கும் கிணற்றுக்கும் இடையே எவ்வளவு தூரம் விடுவது என்று கேட்ட கேள்விக்குக்கூட முழுப் பதில் கிடைக்கவில்லை.

வெள்ளத்தையும் அதே வேகத்தில் கடந்துவிட்டார்கள். 2010ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5 நள்ளிரவையொட்டிப் பெய்த பேய்மழையில் லேயிலும் அருகில் உள்ள சோக்லாம்சர் முதலான ஊர்களிலும் 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பேருந்து நிலையமும் மருத்துவமனையும் சேற்றில் மூழ்கின. மலையிலிருந்து நீர் இறங்கும் பாதைகளில் வீடுகள் எழுந்திருந்ததே இழப்பைப் பெருக்கிய காரணங்களில் ஒன்று. கட்டடங்களால் சுருங்கிப்போன பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் கதையை அறிந்த ஒரு நகரத்தில், 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களின் முன்னால், இதை ஒரே படத்தோடு முடித்திருக்கக் கூடாது. மழை மிகுந்தால் மண் கூரையை எப்படிக் காப்பது, எந்த நிலத்தில் கட்டவே கூடாது என்ற கேள்விகளைப் பேசாமல் மண் வீட்டின் சிறப்பை மட்டும் சொன்னால், கேட்பவர்கள் ஆசையோடு போய்த் தவறான இடத்தில் கட்டிவிடுவார்கள் என்பது என் கவலை.

இந்தக் கருத்தை அமைப்பாளர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஞாயிறு முற்பகல் முழுவதையும் தண்ணீருக்கும் வடிகாலுக்கும் ஒதுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். வீடு கட்டும் எண்ணம் உள்ளவர்கள் இந்த வகுப்போடு ஆரோவில் மண் கட்டுமான நிலையத்தின் (Auroville Earth Institute) பயிற்சிகளையும் விசாரிப்பது நல்லது. சிறிதளவு சிமென்ட் கலந்து அழுத்திச் செய்யும் மண் கல் நம் மழைக்குப் பொருந்தும். வகுப்பு இரண்டாம் மாடியில் நடக்கிறது, லிஃப்ட் கிடையாது. கூரை செய்யும் பகுதிக்குக் கை, கால் மண்ணாகும் என்பதால் பழைய துணி உடுத்திச் செல்லுங்கள். கட்டுமானப் படிப்பு மாணவர்களுக்குக் கட்டணத்தில் பாதி சலுகை உண்டு. பதிவு செய்யும்போதே அடையாள அட்டையைக் காட்ட வேண்டும்.