பிரேக் போட்டால் உதறும் எலக்ட்ரிக் கார்: வேலூரில் 21,400 ரூபாய் ஏமாந்தேன்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். ஒர்க்‌ஷாப் பெயரைப் போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது.

ஐப்பசி மழையில் வண்டி மூன்று வாரம் வாசலிலேயே நின்றது. ஊரிலிருந்து வந்து எடுத்த நாள் முதல் ஒரே உதறல். காலையில் காட்பாடி ரயில்வே மேம்பாலம் இறங்கும்போது பிரேக்கில் கால் வைத்தால் ஸ்டீயரிங் கையில் நிற்காது, பெடலும் காலுக்கடியில் துடிக்கும். சாயங்காலம் திரும்பும்போது அவ்வளவாகத் தெரியாது. ராத்திரி 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டுக் காலையில் எடுப்பது என் பழக்கம். அதனால் ஒர்க்‌ஷாப்பில் போய், "ஃபுல் சார்ஜ் இருந்தா மட்டும் உதறுதுங்க" என்று சொல்லித் தொலைத்தேன். பிறகு அவர்கள் கதை கட்டுவதற்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

ஈவி (எலக்ட்ரிக் வண்டி) ஸ்பெஷலிஸ்ட் என்று பெரிய போர்டு. லேப்டாப்பைச் செருகிப் பார்த்த பையன், "கரண்ட் ஏறி இறங்குது சார், அதுல மோட்டார் மவுண்ட் போயிடுச்சு. அப்படியே விட்டா மோட்டாரே காலி" என்றான். மவுண்ட் என்றால் மோட்டாரைத் தாங்கிப் பிடிக்கும் பாகம். மோட்டார் என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அலைன்மென்ட், பேலன்சிங் 1,900. மவுண்ட் 14,500. சாஃப்ட்வேர் செட்டிங் என்று 5,000. இரண்டு நாள் வண்டியை வைத்துக்கொண்டு, ஒரு சாயங்காலம் தந்தார்கள். பேட்டரி பாதிதான் இருந்தது. ஓட்டிப் பார்த்தேன், உதறல் கொஞ்சம்தான். மறுநாள் காலை அதே மேம்பாலம், அதே உதறல். போன் செய்தால், "செட் ஆக 500 கிலோமீட்டர் ஓடணும் சார்."

மச்சான்தான் கஸ்பா பக்கம் ஒரு பாயிடம் கூட்டிப்போனான். நாற்பது வருஷமாக அம்பாசடர் முதல் இன்னோவா வரை பார்த்த கை. ஈவி என்றதும் அவர் தொடமாட்டார் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஓட்டச் சொன்னார். "80ல போ. பிரேக் தொடாத. உதறுதா?" இல்லை. "இப்ப ஆக்சிலேட்டர்ல இருந்து மட்டும் கால எடு." ரீஜென்னில், அதாவது மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து அந்தச் சக்தியைக் கரண்ட்டாகப் பேட்டரிக்குத் திருப்புவதில், வண்டி தானாகவே வேகம் குறைந்தது. உதறல் இல்லை. "இப்ப பிரேக் மிதி." ஸ்டீயரிங் ஆட ஆரம்பித்தது.

"தோ பார் தம்பி, மோட்டார் புடிச்சி இழுக்கும்போது சும்மா இருக்குது. பேடு புடிக்கும்போதுதான் ஆடுது. இது கரண்ட் சமாச்சாரம் இல்ல, இரும்பு சமாச்சாரம்."

சக்கரத்தைக் கழற்றியதும் எனக்கே தெரிந்தது. முன்பக்க டிஸ்க்கில் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு, பேடு இதைத்தான் இறுக்கிப் பிடிக்கும்) பிரேக் பேடின் உருவம் அப்படியே அச்சு அடித்த மாதிரி, சுற்றிலும் பழுப்புத் துரு. மூன்று வாரம் ஈரத்தில் பேடு ஒரே இடத்தில் ஒட்டிக்கிடந்ததன் அடையாளம். பெட்ரோல் வண்டியாக இருந்திருந்தால் நாலு நாள் ஊருக்குள் ஓட்டியதிலேயே பேடு பெரும்பாலான துருவைத் தேய்த்திருக்கும். ஈவியில் பாதி பிரேக் வேலையை மோட்டாரே செய்துவிடுவதால் டிஸ்க்குக்குத் தேய்மானமே குறைவு, துரு அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. பாய் மைக்ரோமீட்டர் வைத்துச் சுற்றிச் சுற்றி எட்டு இடத்தில் அளந்தார். தடித்த இடத்துக்கும் மெலிந்த இடத்துக்கும் 0.04 மி.மீ. வித்தியாசம். இதுவா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் தடித்த இடம் பேடைத் தள்ளுகிறது, மெலிந்த இடம் விடுகிறது. அந்தத் தள்ளல்தான் ஸ்டீயரிங்குக்கும் பெடலுக்கும் வருகிறது.

ஃபுல் சார்ஜ் மர்மம் என் வண்டியின் ஹேண்ட்புக்கிலேயே இரண்டு வரியில் இருக்கிறது. பேட்டரி நிரம்பியிருந்தால் ரீஜென் கரண்ட்டைப் போட இடமில்லை, அதனால் ரீஜென் குறைந்து முழு வேலையும் பேடு தலையில் விழும். காலையில் உதறியது அதனால்தான். நான் ஹேண்ட்புக்கைப் பிரித்தது 21,400 போன பிறகு.

வண்டி லிஃப்டில் இருக்கும்போதே பாய் டார்ச் அடித்து, "மவுண்ட் மாத்தினோம்னாங்களா?" என்று கேட்டார். போல்ட்டின் மேல் கம்பெனியில் போட்ட மஞ்சள் பெயிண்ட் கோடு நட்டைத் தாண்டி நேராக ஓடுகிறது, எங்கேயும் உடையவில்லை. கழற்றி மாட்டியிருந்தால் கோடு விலகியிருக்கும். மேலே செம்மண் புழுதி விரலால் எழுதலாம் போல. ஸ்பேனரே பட்டதில்லை. நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டேன். வேலை முடிந்ததும் பழைய பாகத்தைக் கேட்டு வாங்கியிருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும்.

சரிசெய்தது இப்படி: டிஸ்க் ஓரத்தில் குறைந்தபட்ச தடிமன் 20 மி.மீ. என்று பொறித்திருந்தது. லேத்தில் இரண்டு பக்கமும் லேசாகச் சீவிய பிறகும் 21.3 இருந்ததால் புது டிஸ்க் வேண்டாம் என்றுவிட்டார். டிஸ்க் உட்காரும் ஹப் முகத்திலிருந்த துருவை பிரஷ் போட்டுச் சுரண்டினார், ஏனென்றால் அங்கே துரு இருந்தால் நல்ல டிஸ்க்கும் கோணலாக உட்காரும். புது பேடு. சக்கர நட்டுகளை ஏர் கன்னில் அடிக்காமல், எதிரெதிராக, இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சில் முறுக்கினார். மொத்தம் 4,200. விடியற்காலை சேர்க்காடு ரோட்டில் ரீஜென்னைக் குறைத்து வைத்து, 60லிருந்து 10 வரை பத்துப் பன்னிரண்டு தடவை பிரேக் போட்டுப் பேடைப் பழக்கச் சொன்னார், நடுவில் ஆறவிட்டு. இப்போது வாரம் ஒருமுறை அப்படி நாலு தடவை பிரேக் போட்டுவிடுகிறேன். மழைக்காலத்தில் கண்டிப்பாக.

போட்டோவோடு போனதும் பழைய கடையில் முதலில், "வேற வண்டியோட போட்டோ" என்றார்கள். நம்பர் பிளேட்டும் சேர்ந்து தெரியும் படத்தைக் காட்டியதும் முதலாளி உள்ளே கூப்பிட்டு 6,000 நீட்டினார், "முடிச்சுக்கலாம்" என்று. வாங்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில்லில் 'மோட்டார் மவுண்ட் - 1' என்று அவர்கள் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாளை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன்.