இறங்கிய இரவே வடக்கே ஓட வேண்டாம்

வெளிநாட்டில் இருந்து வருகிறோம் என்று சொன்னதும் யாழ்ப்பாணத்து உறவுகள் கேட்கும் முதல் கேள்வி, "கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் அனுப்பவா?" என்பதுதான். அன்பினால் கேட்கிறார்கள். இந்த முறை நான் வேண்டாம் என்று சொன்னதும் மாமிக்கு முகம் வாடிவிட்டது. அதற்கான காரணத்தைச் சொன்னால்தான் இந்தப் பயணத்தில் நான் எடுத்த மற்ற முடிவுகளும் விளங்கும்.

2017 இல் நாங்களும் அப்படித்தான் போனோம். இரவு பதினொரு மணிக்கு விமானம் இறங்கியது. பெட்டிகளை ஏற்றிக்கொண்டு புத்தளம் வழியாகப் புறப்பட்டோம். அநுராதபுரம் தாண்டி மதவாச்சியை நெருங்கும்போது வான் மெல்ல இடப்பக்கம் சரிந்து தெருவோரப் புல்லில் ஏறியது. முன்னால் இருந்த சித்தப்பா கத்தியதில்தான் ஓட்டுநர் கண் திறந்தார். அடுத்த தேநீர்க் கடையில் அவரிடம் விசாரித்தேன். அன்று மதியம்தான் யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பத்தை ஏற்றிவந்து விமான நிலையத்தில் விட்டிருக்கிறார். நாங்கள் வெளியே வரும்வரை வண்டிக்குள்ளேயே காத்திருந்துவிட்டு, வந்த தெருவிலேயே திரும்பிக்கொண்டிருந்தார். அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. வெறும் வண்டியோடு திரும்பினால் அவருக்கு நட்டம். விடிவதற்குள் வீடு சேர வேண்டும் என்று கேட்டவர்கள் நாங்கள்.

'விமான நிலையத்தில் இருந்து ஊருக்குச் செல்லும் வழியில்' என்று தொடங்கும் விபத்துச் செய்திகளை எத்தனை தடவை வாசித்துவிட்டோம். யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 தெருவில், வன்னிப் பகுதியில், தாரின்மேல் மாடுகள் படுத்திருக்கும். அநுராதபுரத்தைச் சுற்றிய பகுதிகளில் யானை குறுக்கே வரும். நீண்ட விமானப் பயணம் முடித்த நாமும் தூக்கம், ஓட்டுநரும் தூக்கம் என்றால் அந்த வண்டியில் விழித்திருப்பவர் யார்?

ஆகவே இந்த ஆடி மாதம், 74 வயது அம்மாவோடும் 15 வயது மகனோடும் ரொறன்ரோவில் இருந்து வந்து இறங்கியதும் நேரே கொழும்பின் வெள்ளவத்தைக்குப் போனோம். அங்கே இரண்டு இரவு தங்கினோம். எங்கள் ஆட்கள் நடத்தும் சிறிய விடுதிகள் காலி வீதியின் இரு பக்கத்து ஒழுங்கைகளிலும் இருக்கின்றன. இரவு எந்த நேரத்தில் போனாலும் தமிழில் பேசிக் கதவு திறப்பார்கள், பக்கத்திலேயே இடியப்பமும் சொதியும் கிடைக்கும். அம்மாவின் கால் வீக்கம் வடிய அந்த இரண்டு நாளும் தேவைப்பட்டன. மூன்றாம் நாள் காலை கொழும்பு கோட்டையில் ரயில் ஏறினோம். மாமி விசாரித்த வான் 45,000 ரூபா கேட்டது. அதற்குக் குறைவாகவே எங்கள் மூவருக்கும் முதல் வகுப்பு டிக்கெட்டும் விடுதிச் செலவும் முடிந்தன.

குளிரூட்டிய முதல் வகுப்பு இருக்கைகளைப் பயண நாளுக்கு 30 நாள் முன்னதாக ரயில்வே திணைக்களத்தின் இணையத்தளத்தில் பதிவு செய்யலாம். விடுமுறைக் காலத்தில் அவை திறந்த சிறிது நேரத்திலேயே முடிந்துவிடும். கனடா நேரத்தைக் கணக்குப் பார்த்து நான் விழித்திருந்து எடுத்தேன். கடவுச்சீட்டு இலக்கம் கொடுக்க வேண்டும், பயணத்தில் அதைக் கையில் வைத்திருக்கவும் வேண்டும். இடம் முடிந்துவிட்டால், நிலையத்துக்கு வெளியே இரண்டு மடங்கு விலைக்கு விற்பவரிடம் வாங்காதீர்கள். டிக்கெட்டில் வேறொருவரின் பெயரும் இலக்கமும் இருக்கும். பகல் பஸ் பிடியுங்கள், அல்லது இரண்டாம் வகுப்பில் போங்கள். யன்னல் திறந்திருக்கும், காற்று நன்றாக வரும், தூசும் வரும்.

கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் யாழ்தேவி ரயில் 1956 இல் ஓடத் தொடங்கி, 1990 இல் போரில் நின்று, 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. அம்மா கடைசியாக அந்தப் பாதையில் போனது 1989 இல். பஸ்ஸிலோ வானிலோ போனால் முறிகண்டிப் பிள்ளையாரிடம் இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்காமல் யாரும் நகர மாட்டார்கள். ரயில் அந்தச் சலுகையைத் தராது. முறிகண்டி கடந்தபோது அம்மா இருந்த இடத்திலேயே எழுந்து நின்று கும்பிட்டார். ஆனையிறவில் இரு பக்கமும் நீர் விரிந்தபோது மகன் கைப்பேசியைக் கீழே வைத்தான். வான் யன்னலில் தலை சாய்த்து உறங்கியபடி நான் மூன்று முறை கடந்த இடம் அது.

பெட்டிகள்தான் சிக்கல். ஆளுக்கு இரண்டு பெட்டி என்று விமானத்தில் கொண்டுவருவதை ரயிலில் ஏற்ற முடியாது. பெரிய இரண்டைக் கொழும்பில் இருந்து பொதிச் சேவையில் அனுப்பிவிட்டோம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: சவர்க்காரமும் பற்பசையும் சொக்லேற்றும் சுமந்த காலம் போய்விட்டது. யாழ்ப்பாணக் கடைகளில் எல்லாம் கிடைக்கின்றன. வயதானவர்களுக்கு நல்ல கைத்தடி, முழங்கால் பட்டி, பிள்ளைகளுக்கு நல்ல பை, இவற்றைக் கொண்டுபோனேன். அவற்றுக்குக் கிடைத்த மகிழ்ச்சி வேறு.

பயண அனுமதியைப் புறப்படும் முன்பே எடுங்கள். அரசாங்கத் தளத்தைப் போலவே தோற்றம் காட்டி மேலதிகப் பணம் பறிக்கும் தளங்கள் பல இருக்கின்றன. முகவரி 'கவ் டொட் எல்கே' (gov.lk) என்று முடிகிறதா என்று பாருங்கள். விமான நிலைய வங்கிக் கருமபீடங்களிலேயே காசு மாற்றலாம். இரண்டு மூன்று விலைப் பலகைகளை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். சிம் அட்டையையும் அங்கேயே கடவுச்சீட்டைக் காட்டி வாங்கிவிட்டோம்.

யாழ்ப்பாண நிலையத்து வாசலில் ஓட்டோக்காரர் ஒருவர் நல்லூருக்கு ஆயிரம் ரூபா கேட்டார். வாடகை வண்டி அழைக்கும் பிக்மீ செயலி 350 காட்டியது. அதை அவரிடம் காட்டினேன். "அக்கா, அந்தச் செயலிக்கு நான் பங்கு கொடுக்க வேண்டும், பெற்றோல் விலையும் தெரியும்தானே. ஐந்நூறு தாருங்கள், பெட்டியை நானே ஏற்றுகிறேன்" என்றார். ஏறினோம். அவர்தான் பிறகு ஐந்து வாரமும் எங்களுக்கு ஓட்டினார். செயலி இருந்தால் நியாயமான விலை எதுவென்று தெரிந்துவிடும். அதன்பிறகு ஊர்க்காரரோடு பேசித் தீர்த்துக்கொள்வதே எனக்குப் பிடித்திருந்தது. விலை பேசாமல் ஏறுவதும், "வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஐயாயிரம் ரூபாத் தாளை நீட்டுவதும் அடுத்து வருகிறவருக்கும், அதைவிட அங்கேயே வாழ்கிறவருக்கும் செய்கிற தீங்கு. நாம் இரண்டு மாதம் ஏற்றிவிட்டுப் போகும் விலையை அவர்கள் ஆண்டு முழுவதும் கொடுக்கிறார்கள்.

நானும் மகனும் பெரும்பாலும் பஸ்ஸில்தான் போனோம். பருத்தித்துறைக்கு 750 ஆம் இலக்கப் பஸ் பிடித்தால் நெல்லியடி வழியாக ஊரையே பார்த்துக்கொண்டு போகலாம். சில்லறை வைத்திருங்கள். காலை ஏழரைக்கும் பிற்பகல் இரண்டுக்கும் பள்ளிக்கூட நெரிசல் இருக்கும், அம்மா போன்றவர்களை அப்போது ஏற்ற வேண்டாம்.

நயினாதீவுக்குப் போன நாளை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு நாகபூசணி அம்மனிடம் ஒரு நேர்த்தி இருந்தது. பண்ணைப் பாலம் கடந்து, அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறை. அதிகாலையில் புறப்பட்டதால் வெயிலுக்கு முன்னே போய்ச் சேர்ந்தோம். முதல் படகில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். மேலே நிற்கிறவர்கள், கீழே புகைக்குள் இருக்கிறவர்கள், அதற்கு மேலும் ஏறுகிறவர்கள். எங்களையும் கை நீட்டிக் கூப்பிட்டார்கள். ஏறவில்லை. உயிர்காப்பு அங்கிகள் ஒரு மூலையில் கட்டாகக் கிடந்தன, யாரும் தொடவில்லை. அடுத்த படகு அரை மணி நேரத்தில் வந்தது. அதில் நாங்கள் மூவரும் அங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டோம். பக்கத்தில் இருந்த பெண் முதலில் எங்களை வியப்போடு பார்த்தார், பிறகு தன் சிறு மகளுக்கும் ஒன்று எடுத்துக் கட்டினார்.

கடப்பது இருபது நிமிடத்துக்குள்தான். ஆனாலும் கடல் கடல்தான். படகு நிறைந்திருந்தால் ஏறாதீர்கள், அங்கி கேட்டு வாங்குங்கள், அடித்தட்டுக்குள் வயதானவரை இறக்காதீர்கள். நெடுந்தீவுக்குப் போவதானால் கடலில் ஒரு மணி நேரம் ஆகும். திரும்பும் கடைசிப் படகு எப்போது என்று ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள், தவறவிட்டால் அன்றிரவு அங்கேதான்.

அம்மன் கோயிலில் அமுதசுரபி அன்னதான மண்டபத்தில் மதியச் சாப்பாடு. யார் எவர் என்று கேட்காமல் எல்லோருக்கும் போடுகிறார்கள். எங்கள் இலைக்கு எதிரே தென்னிலங்கையில் இருந்து அதே தீவின் பௌத்த நாக விகாரைக்கு வந்த ஒரு குடும்பம் இருந்தது. அம்மா அவர்களுக்குச் சைகையால் பாயசத்தை எப்படிச் சாப்பிடுவது என்று காட்டிக்கொண்டிருந்தார். ஐந்து வாரத்தில் நான் சாப்பிட்ட மிகச் சிறந்த உணவு அதுதான்.

குறை ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். கழிப்பறைகள். ரயிலிலும் பஸ் நிலையங்களிலும் இறங்குதுறையிலும் முழங்கால் நோவுள்ள ஒரு பெண் பயன்படுத்தக்கூடியதாக எதுவும் இல்லை. அம்மா வழியில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். அந்த வெயிலில் அது ஆபத்து, விளைவை நல்லூரில் கண்டோம். புறப்படும் முன் எந்தெந்த இடத்தில் நல்ல உணவகம் இருக்கிறது என்று பார்த்து, அங்கே தேநீருக்காக நின்று, கழிப்பறையையும் பயன்படுத்துங்கள். கையில் தாளும் கிருமிநீக்கியும் இருக்கட்டும்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் கொடியேறி 25 நாள் நடக்கும். கோயிலைச் சுற்றிய தெருக்களை மூடிவிடுவார்கள், அதனால் பக்கத்திலேயே தங்கினால் நடந்து போகலாம். அருச்சனைச் சீட்டு இன்றைக்கும் ஒரு ரூபாதான். ஆண்கள் மேற்சட்டை இல்லாமல் போக வேண்டும். நகைகளை வீட்டில் விட்டுப் போகும்படி ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நம் பெண்கள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை, தயவுசெய்து போட்டுக்கொள்ளுங்கள். பத்தாம் நாள் காலை சுடுமணலில் நின்ற அம்மாவுக்குத் தலை சுற்றியது. முதலுதவிக் கொட்டகையில் இருந்த இளைஞர்கள் இருவர் தாங்கிப் போய்ப் படுக்கவைத்து, உப்புச் சீனிக் கரைசல் கொடுத்து, இரத்த அழுத்தம் பார்த்தார்கள். யாரும் சொல்லாமலே கூட்டம் விலகி வழிவிட்டது. நிலைமை மோசமானால் 1990 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைக்கலாம். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசம், 2018 இல் வடக்குக்கும் வந்துவிட்டது. மாத்திரைகளை அவற்றின் மருந்துப் பெயர் எழுதிய சீட்டோடு கொண்டுபோங்கள், வணிகப் பெயர் அங்கே உதவாது. தெருநாய் கடித்தாலோ பிறாண்டினாலோ அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள்.

தண்ணீரைப் பற்றி அம்மாவோடு எனக்குச் சண்டையே வந்தது. "பிறந்து வளர்ந்த கிணறு, எனக்கு என்ன செய்யும்?" என்றார். சுண்ணக்கல் நிலத்தில் வயலுக்குப் போடும் உரம் நிலத்தடி நீருக்கு இறங்கிவிடுகிறது. அந்தக் கிணறு அம்மா வளர்ந்த காலத்துக் கிணறு அல்ல. குளிக்கக் கிணற்று நீர், குடிக்க வடிகட்டிய நீர் என்று முடிவு செய்தோம்.

சாப்பாட்டுக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கும் அம்மாச்சி உணவகத்தை வாரத்தில் மூன்று நாள் நாடினோம். பெண்களே சமைத்து, பெண்களே நடத்துகிறார்கள். குரக்கன் பிட்டு, உழுந்து வடை, இலைக்கஞ்சி எல்லாம் கண்முன்னே சுடச்சுடச் செய்து தருகிறார்கள். மூவரும் வயிறு நிறையச் சாப்பிட்டாலும் ரொறன்ரோவில் ஒரு கோப்பிக்குக் கொடுக்கும் காசு ஆகவில்லை.

தமிழ்நாட்டுக்கும் போக எண்ணியிருந்தால் சென்னையில் இருந்து யாழ்ப்பாணத்தில் உள்ள பலாலிக்கு விமானமும், நாகபட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் இருக்கின்றன. நீண்ட தெருப் பயணம் தாங்காதவர்களுக்குப் பலாலி நல்ல வழி. ஆனால் இந்திய விசா வேண்டும், பொதி எடை அளவு சிறியது. கப்பல் கடலின் நிலையைப் பொறுத்து நிற்கும், ஆதலால் அதை நம்பி அடுத்த நாள் விமானம் வைக்காதீர்கள்.

திரும்பும்போது எங்கள் ரயில் மூன்று மணி நேரம் தாமதித்தது. விமானம் மறுநாள் இரவுதான் என்பதால் யாருக்கும் பதற்றமில்லை. வெள்ளவத்தையில் இறங்கிக் குளித்துவிட்டு உறங்கினோம்.

பாரிஸில் இருக்கும் மச்சாள் மார்கழியில் இரண்டு சிறு பிள்ளைகளோடு வருகிறாள். நேற்று வான்காரரின் தொலைபேசி இலக்கம் கேட்டாள். அனுப்பவில்லை. வெள்ளவத்தை விடுதியின் இலக்கத்தையும், ரயில் பதிவு திறக்கும் தேதியையும் அனுப்பினேன். அது மழைக்காலம், டெங்குக் காலம், கொசுவலையும் நீளக் கைச்சட்டையும் மறக்காதே என்றும் எழுதினேன். "மாமி கோபிப்பாரே" என்று பதில் போட்டிருக்கிறாள். மாமியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.