நிருபரிடம் கொடுப்பதா, நாமே எழுதுவதா?

மானுடவியல் ஆய்வாளர்களான நாம் நம் ஆய்வைப் பொது வாசகரிடம் சேர்க்க மூன்று வழிகள் உண்டு. நிருபருக்குப் பேட்டி கொடுக்கலாம். நாமே எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பலாம். அல்லது ‘தி கான்வர்சேஷன்’ போல, ஆய்வாளர் எழுதியதைப் பத்திரிகை ஆசிரியர்கள் செப்பனிடும் இணைய இதழ்களுக்குப் போகலாம்.

பேட்டியில் உழைப்பு குறைவு, வீச்சு அதிகம். ஆனால் ஒரு மணி நேரம் பேசியதில் இரண்டு வரிதான் அச்சேறும். எந்த இரண்டு என்பது நிருபர் பாடு. பிரதியை முன்கூட்டிக் காட்டும் வழக்கமும் பெரும்பாலும் கிடையாது. இதைவிடப் பெரிய உரசல் பெயரில் வருகிறது. நிருபருக்கு ஊரும் பேரும் வேண்டும். நாமோ இரண்டையும் மறைப்பதாக வாக்குக் கொடுத்துத்தான் களத்தில் நுழைந்திருப்போம். அயர்லாந்துக் கிராமம் ஒன்றைப் பற்றி 1979இல் நூல் வெளியிட்ட அமெரிக்க மானுடவியலாளர் நான்சி ஷெப்பர்-ஹியூஸ், ஊருக்குப் புனைபெயர்தான் வைத்தார். அப்படியும் ஊர் எதுவென்று வெளியே தெரிந்துவிட்டது. 1999இல் திரும்பிப் போனவரை ஊரார் கிளம்பச் சொல்லிவிட்டார்கள்.

நாமே எழுதினால் சுதந்திரம் உண்டு. மானுடவியலாளர் மார்கரெட் மீட் ‘ரெட்புக்’ என்ற அமெரிக்க மகளிர் இதழில் ஆண்டுக்கணக்கில் பத்தி எழுதினார். அவருக்கு அதற்கு முன்பே பெயர் இருந்தது. புதியவரின் கட்டுரை ஆசிரியர் மேசையைத் தாண்டுவதே பெரும்பாடு.

என் ஓட்டு மூன்றாவதற்கு. ‘இரவுப் பணிச் செவிலியரிடையே முறைசாரா அறிவுப் பரிமாற்றம்’ என்று தொடங்கி அனுப்பினால், “யார், எப்போது, என்ன சொன்னார்கள்?” என்ற கேள்வியோடு பிரதி திரும்பி வரும். அடுத்த வரைவு இப்படித் தொடங்கும்: ‘பணி மாறும் அந்தப் பத்து நிமிடத்தில், கோப்பில் எழுதாததைத்தான் செவிலியர் முதலில் சொல்கிறார்கள்.’ பெயர் இல்லை, ஆனால் ஆள் தெரிகிறார். கோட்பாடு கீழே இறங்கும், ஆய்வுமுறை ஒரு வரியாகச் சுருங்கும், ‘இது இப்போது எதற்கு?’ என்பதற்கான பதில் மேலே ஏறும். முதல்முறை கொஞ்சம் வலிக்கும்தான். ‘தி கான்வர்சேஷ’னில் எழுதியவரின் ஒப்புதல் இல்லாமல் கட்டுரை வெளியாகாது, வெளியானதை மற்ற ஊடகங்கள் இலவசமாக மறுபதிப்பும் செய்யலாம். சன்மானம் மட்டும் எதிர்பார்க்கக் கூடாது.

நம் ஆய்வுப் பொருள் அன்றைய தலைப்புச் செய்தியாகிவிட்டால் கதை வேறு. வரைவு திருத்த அவகாசம் இருக்காது, பேட்டிதான் கொடுக்க வேண்டும். எதை அச்சிடக் கூடாது என்பதை மட்டும் பேச ஆரம்பிக்கும் முன்பே நிருபரிடம் பேசி முடித்துக்கொள்ளுங்கள். சொன்ன பிறகு கேட்டால் அவர் ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயமில்லை.